தட்டினது தட்டினதுதான்!

சங்குக்குட்டைக்கு இரண்டு துறைகள். ஒன்று ஆழத்துறை. பாறைகள் சூழ்ந்த அந்தப் பக்கத்தில் கோடையிலும் தண்ணீர் தெளிவாக, குளிர்ச்சியாக இருக்கும். மற்றது சேற்றுத்துறை. பங்குனி பிறந்தாலே அங்கே தண்ணீர் வற்றி, கலங்கி, நாற ஆரம்பித்துவிடும். அதைக் குடித்தால் பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும்.

குட்டைக்கு மேற்கே மேல்காடு. கிழக்கே கீழ்காடு. கோடையில் ஆழத்துறை யாருக்கு என்று இரண்டு காட்டாரும் ஒரு காலத்தில் முட்டிக்கொண்டும் கடித்துக்கொண்டும் கிடந்தார்கள். காயம் பட்டுப் பட்டு அலுத்துப்போன பிறகு, சண்டைக்குப் பதிலாக ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

அந்த ஆட்டத்தின் பெயர் பொந்துப்பந்து. குட்டைக்கரை மணல்வெளியின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு மருதமரம். இரண்டிலும் மானின் தலை உயரத்துக்கு மேலே ஒரு பொந்து. நன்றாகக் காய்ந்த விளாங்காய்தான் பந்து. எதிரணியின் பொந்துக்குள் அதை எறிந்தால் ஒரு புள்ளி. ஆடுகிறவர்மேல் இடித்தாலோ குத்தினாலோ தப்பு. அப்போது இடிபட்டவருக்கு ஒரு தனி எறி கிடைக்கும். யாரும் மறிக்காமல் நிதானமாக எறியலாம். மூன்று தப்பு செய்தவர் மணலைவிட்டு வெளியேற வேண்டும்.

கோடையில் ஒவ்வொரு பௌர்ணமியன்றும் மாலையில் ஆட்டம் நடக்கும். வென்ற காட்டாருக்கு அடுத்த பௌர்ணமிவரை ஆழத்துறை. தோற்றவர்களுக்குச் சேற்றுத்துறை.

நடுவராக இருந்தவர் ஒரு மரங்கொத்தி. அவரை எல்லோரும் தச்சனார் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மணல்வெளியின் ஓரத்தில் நின்ற ஒற்றை நாவல்மரத்தில் அவர் தொற்றிக்கொண்டிருப்பார். 'டக்' என்று ஒருமுறை கொத்தினால் தப்பு. 'டக் டக்' என்றால் புள்ளி. 'டரரரர்' என்று நீட்டி அடித்தால் ஆட்டம் முடிந்தது. அவர் கொத்தியதை எதிர்த்து யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வெளியே போக வேண்டியதுதான். ஆட்டம் முடியும்வரை நடுவரும் மரத்தைவிட்டு இறங்கக் கூடாது.

"தட்டினது தட்டினதுதான்!" இதுதான் சட்டம்.

கீழ்காட்டு அணியில் சிலும்பி என்ற முள்ளம்பன்றி ஆடினாள். அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் மணலில் இறங்கியதில்லை. "முள்ளை முதுகில் வைத்துக்கொண்டு உனக்கு என்ன ஆட்டம்?" என்று அவள் அம்மாவே கேட்டாள். அதனால் சிலும்பி மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக ஆடினாள். முட்களை உடம்போடு ஒட்டப் படியவைத்துக்கொள்வாள். எதிராளி நெருங்கினால் தானே ஒதுங்கிப் போவாள். ஆட்டம் இருக்கும் நாளில் காலையிலிருந்தே அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தப் பங்குனி ஆட்டத்தில் அவள் பக்கம் ஓடி வந்தான் பொட்டழகன். மேல்காட்டு அணியின் நட்சத்திரமான புள்ளிமான் அவன். கொம்பால் விளாங்காயைச் சுண்டினால் காய் நேராகப் பொந்தில் போய் விழும். நன்றாகத் தாவுவான். அதைவிட நன்றாக விழுவான்.

சிலும்பி ஒதுங்கினாள். பொட்டழகன் அவளைத் தாண்டினான். தாண்டியதும் கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கி, நாலு காலையும் வானத்துக்குக் காட்டி மணலில் புரண்டான்.

"ஐயோ! அம்மா! குத்திட்டாளே!"

உடனே நாவல்மரத்துக் கிளைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த மேல்காட்டுக் குரங்குகள் எல்லாம் ஒரே குரலில் அலறின. "குத்திட்டா! குத்திட்டா! பாவி குத்திட்டா!"

'டக்!'

அது சிலும்பிக்கு மூன்றாவது தப்பு.

"நான் தொடவே..." என்று அவள் வாயெடுத்தாள்.

அணித்தலைவனான கூர்மூக்கன் என்ற கீரி பாய்ந்து வந்து அவள் முன் நின்றான். "பேசாதே தங்கச்சி! எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு சட்டம். போ, போய் உட்காரு."

மரத்தின் மேலிருந்து குரங்குத் தலைவன் கருமூஞ்சி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "ஏய் ஊசிக்கட்டு! உனக்கு எதுக்கு இந்த ஆட்டம்? போய்க் கள்ளிச்செடியோட விளையாடு!"

சிலும்பி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள். ஆட்டத்தைப் பார்க்க மனம் வரவில்லை. எல்லோருடைய கண்ணும் விளாங்காயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் தச்சனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று புரிந்தது.

மரங்கொத்தி என்றால் மரத்தைப் பார்த்துத்தான் தொற்றிக்கொண்டிருக்கும். தச்சனாரும் அப்படித்தான் இருந்தார். சட்டென்று கொத்த வேண்டுமே என்று அலகை எப்போதும் மரப்பட்டைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். கொத்தும்போது கண்ணில் தூசி விழாமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டார். மணலை அவர் பார்த்ததே குறைவு. எப்போதாவது ஓரக்கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

குரங்குகள் அலறும். உடனே அவர் கொத்துவார். அலறல் முதலில். தட்டு அதன் பிறகு. ஒருமுறைகூட இது மாறவில்லை.

கொஞ்ச நேரத்தில் பொட்டழகனின் குளம்பு கீழ்காட்டு அணியில் ஆடிய ஒரு குட்டி முயலின் விலாவில் நிஜமாகவே பட்டது. முயல் சத்தமில்லாமல் சுருண்டது. கீழ்காட்டார் உட்காரும் இடம் மணலுக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில். அவர்கள் கத்தியது நாவல்மரத்துக்கு எட்டவில்லை. தச்சனாரும் தட்டவில்லை.

அன்று மேல்காடு வென்றது.

இரவு சேற்றுத்துறையில் கீழ்காட்டார் கூடினார்கள். கூர்மூக்கனின் குட்டிகள் ஒரு வாய் குடித்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தன. அதைப் பார்க்க முடியாமல் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கோபம் வார்த்தையாக வந்தது.

"எல்லாம் அந்தத் தச்சனாரால வந்தது!" என்று உறுமினான் கட்டைவாலன் என்ற காட்டுப்பன்றி. "விஷயம் தெரியுமா? மேல்காட்டுக்காரங்க அவருக்கு ஒரு பட்ட இலவமரத்தையே குடுத்திருக்காங்களாம். மரம் பூரா புழுவாம்! ஆயுசுக்கும் தின்னலாமாம்!"

"புழுத் தின்ன நடுவர்!" என்று யாரோ கத்தினார்கள்.

"புழுத் தின்ன நடுவர்! புழுத் தின்ன நடுவர்!" என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

சிலும்பி மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, அந்த மரத்தை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? காடே சொல்லுதே!"

சிலும்பிக்கு அது போதவில்லை. மறுநாள் தனியாக மேல்காட்டு எல்லைக்குப் போனாள். பட்ட இலவமரம் அங்கே நின்றது உண்மைதான். ஆனால் அதில் அலகு பட்ட ஒரு கொத்துக்கூட இல்லை. அடியிலிருந்து நுனிவரை பட்டை அப்படியே இருந்தது. கொஞ்ச தூரம் தள்ளி, காய்ந்து இற்றுப்போன ஒரு வேங்கைமரத்தில் தச்சனார் ஒரே ஒரு புழுவுக்காகப் போராடிக்கொண்டிருந்தார். பொந்துக்குள் அவருடைய குஞ்சுகள் பசியில் கூச்சலிட்டன.

"ஐயா, கும்பிடறேன்" என்றாள் சிலும்பி.

தச்சனார் திரும்பினார். "மூன்று தப்பு செய்துட்டு வெளியே போனவதானே நீ? ஆட்டத்தைப் பத்திப் பேசறதா இருந்தா இப்பவே கிளம்பு. தட்டினது தட்டினதுதான்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். என் முள் அவர்மேல பட்டதை நீங்க பார்த்தீங்களா?"

தச்சனாருக்குக் கொண்டை சிலிர்த்தது. "காடே அலறுச்சு! இத்தனை பேர் அலறும்போது ஒண்ணுமில்லாமலா அலறுவாங்க? காடே பொய் சொல்லுமா?"

சிலும்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்று கட்டைவாலன் சொன்ன அதே பேச்சு!

அவள் திரும்பி வந்து கண்டதைக் கண்டபடி சொன்னாள். "அவர் யார்கிட்டயும் எதுவும் வாங்கலை. அவர் குஞ்சுங்களே பட்டினி கிடக்குது. அவர் பண்ற தப்பு வேற. அவர் பார்க்கறதில்லை. காதால கேட்டுத் தட்டறார்."

கட்டைவாலன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஓகோ! உனக்கும் பங்கு வந்துடுச்சா?"

சிலும்பி எழுந்து அந்த இடத்தைவிட்டுப் போனாள்.

சித்திரை ஆட்டமும் அப்படியே நடந்தது. பொட்டழகன் விழுந்தான். குரங்குகள் அலறின. 'டக்!' கீழ்காடு தோற்றது.

"சிலும்பி சொன்னது சரிதான் போல" என்றான் கூர்மூக்கன் அன்று இரவு. "கேட்டுத்தான் தட்டறார். அப்படின்னா நாமளும் நாவல்மரத்தடியில போய் உட்காருவோம். நம்ம ஆளுங்க விழட்டும். நாம கத்துவோம்!"

"அது வேணாம் அண்ணே" என்றாள் சிலும்பி. "இப்ப அவங்களுக்குச் சாதகமாப் பொய்த்தட்டு விழுது. அப்புறம் நமக்குச் சாதகமாப் பொய்த்தட்டு விழும். அவ்வளவுதானே?"

"என் குட்டிங்களுக்கு நியாயம் வேணாம் தங்கச்சி. தண்ணி வேணும்."

படுத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நியாயம் கேட்பதா, தண்ணீர் கேட்பதா? இரண்டையும் ஒன்றாகக் கேட்க ஏன் கூடாது? விடியும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

வைகாசிப் பௌர்ணமி வந்தது. வெயில் பாறையைப் பிளந்தது. சேற்றுத்துறையில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இந்த ஆட்டமும் போனால் குட்டிகள் தாங்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் மயில்கள் தோகையால் மணலைப் பெருக்கிவிடுவது வழக்கம். அன்றும் பெருக்கின. இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் ஐந்துக்கு ஐந்து என்று சமமாக நின்றன. சூரியன் மலைமுகட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. முகட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும். சிலும்பியின் பெயரில் ஏற்கனவே இரண்டு தப்புகள்.

விளாங்காய் அவளிடம் வந்தது.

அவள் பொந்தைப் பார்த்து ஓடவில்லை. அதுவரை யார் காலும் படாத ஒரு மூலைக்குப் போனாள். அங்கே விளாங்காயை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"எறி! எறி!" என்று கத்தினான் கூர்மூக்கன். "என்ன தூங்கறியா?"

அவள் எறியவில்லை. பொட்டழகனுக்கு ஆசை தாங்கவில்லை. துள்ளி வந்தான். பக்கத்தில்கூட வரவில்லை, அதற்குள் கழுத்தைச் சொடுக்கினான்.

"ஐயோ! அம்மா!"

"குத்திட்டா! குத்திட்டா! பாவி குத்திட்டா!"

'டக்!'

"வெளியே! வெளியே! ஊசிக்கட்டு வெளியே!" என்று நாவல்மரம் அதிர்ந்தது.

சிலும்பி விளாங்காயைக் கீழே வைத்தாள்.

"போக மாட்டேன்" என்றாள்.

அப்படி ஒரு வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை.

"என்ன சொன்னே?" என்றார் தச்சனார் மரத்திலிருந்து.

"போக மாட்டேன்னு சொன்னேன் ஐயா. நீங்க இறங்கி வந்து பார்க்கணும். பார்த்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் போறேன்."

"ஆட்டம் முடியும்வரை நடுவர் இறங்கக் கூடாது! தட்டினது தட்டினதுதான்!"

"அப்ப நானும் நகர மாட்டேன்."

அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். இத்தனை நாளும் படியவைத்திருந்த முட்களை முதல்முறையாக அந்த மணலில் சிலிர்த்துக்கொண்டாள். முட்கள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுவென்று சத்தம் எழுப்பின.

கருமூஞ்சி மரத்திலிருந்து குதித்தான். "இவளை இழுத்துப் போடுங்கடா வெளியே!" இரண்டு குரங்குகள் ஓடிவந்து அவள்மேல் கைவைத்தன. வைத்த வேகத்தில் துள்ளி விழுந்தன.

"ஆ! குத்துது! குத்துது!"

"ஆமா. இப்பக் குத்துது" என்றாள் சிலும்பி. "இதுக்கு முன்னாடி குத்தலை. வித்தியாசம் தெரியுதா?"

கீழ்காட்டுப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். கூர்மூக்கன் சிரிக்கவில்லை. அவன் அருகில் வந்து கெஞ்சினான். "தங்கச்சி, வெளியே வந்துடு. பிடிவாதம் பிடிச்சா ஆட்டத்தையே அவங்களுக்குக் குடுத்துடுவாங்க. தோத்தா ஒரு மாசம். குட்டிங்க..."

"அண்ணே, வெளியே போய்ப் போய்த்தானே இத்தனை மாசமும் தோத்தோம்?"

கூர்மூக்கன் குட்டிகள் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, என்ன நினைத்தானோ, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குட்டி முயலும் வந்து உட்கார்ந்தது. கீழ்காட்டு அணி முழுவதும் மணலில் உட்கார்ந்துவிட்டது.

சிலும்பி தலையை நிமிர்த்தினாள். "ஐயா, ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்லிட்டா இப்பவே எழுந்து போயிடறேன். இப்பத் தட்டினீங்களே, எதைப் பார்த்துத் தட்டினீங்க?"

"காடே அலறுச்சே!"

"காடு அலறினது எனக்கும் கேட்டுச்சு. நீங்க பார்த்தது என்ன?"

தச்சனார் அலகைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அவர் நேர்மையானவர்தான். அவருடைய கஷ்டமும் அதுதான்.

"மரப்பட்டை" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

அதன் பிறகு நடந்ததை இரண்டு காட்டாராலும் நம்ப முடியவில்லை. ஆட்டம் முடிவதற்கு முன்பே தச்சனார் சிறகை விரித்து மணலில் வந்து இறங்கினார்.

பெருக்கிவிட்ட மணல் எதையும் மறைக்கவில்லை. சிலும்பியின் காலடிகள் அந்த மூலைவரை வந்து அங்கேயே நின்றிருந்தன. முன்னால் ஓர் அடிகூட இல்லை. பொட்டழகனின் குளம்புகள் இந்தப் பக்கமிருந்து வந்து, பாதியிலேயே நின்று, அங்கே புரண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் மணல் சுத்தமாக இருந்தது.

"இந்த இடைவெளியில் நான் படுக்கலாம் போலிருக்கே!" என்று கத்தினான் கட்டைவாலன். சொன்னதோடு நிற்கவில்லை. ஓடிவந்து நடுவில் காலை நீட்டிப் படுத்தே காட்டினான். அத்தனை பெரிய உடம்பும் தாராளமாக அடங்கியது. "இன்னொரு பன்னியைக் கூப்பிடட்டுமா?" என்றான் படுத்தபடியே.

பொட்டழகன் கொம்பைச் சொறிவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தச்சனார் அந்தச் சுத்தமான மணலை வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இப்போது தட்டியது தவறு. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இதற்கு முன் எத்தனை தட்டு தவறோ, எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என் குற்றம்."

அவ்வளவுதான், நாவல்மரம் பொங்கியது. "அநியாயம்! கீழ்காட்டுக்காரங்ககிட்ட வாங்கிட்டார்! புழுத் தின்ன நடுவர்! புழுத் தின்ன நடுவர்!"

கீழ்காட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய பாட்டு. வார்த்தைகூட மாறவில்லை. கட்டைவாலன் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு சிலும்பியின் பக்கம் திரும்பாமல் நடந்தான்.

தச்சனார் மறுபடி நாவல்மரத்துக்குப் போனார். இந்தமுறை தண்டில் தொற்றிக்கொள்ளவில்லை. மணலைப் பார்த்தபடி ஒரு கிளையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்கே சங்கடமாக இருந்தது. "இப்படி உட்கார்ந்தால், பார்த்துவிட்டுத் திரும்பித்தான் கொத்த வேண்டும். தட்டு பிந்தி வரும்" என்றார்.

"பிந்தியே வரட்டும் ஐயா" என்றாள் சிலும்பி. "பார்த்துட்டு வரட்டும்."

சூரியனுக்கும் முகட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. விளாங்காய் சிலும்பியிடம். ஐந்துக்கு ஐந்து. ஓர் எறி விழுந்தால் ஆழத்துறை!

அவள் ஓடினாள். பொட்டழகன் குறுக்கே வந்தான். இப்போது அவன் விழவில்லை. காலை ஊன்றி நின்று நிஜமாகவே மறித்தான். அவனுக்கு இவ்வளவு நன்றாக ஆடத் தெரியும் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. சிலும்பி இடப்பக்கம் போவதுபோல் போய், சட்டென்று வலப்பக்கம் சுழன்று, எம்பி எறிந்தாள்.

விளாங்காய் பொந்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே விழுந்தது!

கீழ்காடு வானத்துக்குத் துள்ளியது. கூர்மூக்கன் குட்டிகள் இருந்த பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தான்.

தச்சனார் மணலைப் பார்த்தார். திரும்பினார். அந்த ஆரவாரத்தின் நடுவில், கொஞ்சம் பிந்தி, ஒரு சத்தம் வந்தது.

'டக்!'

ஒன்றுதான். இரண்டாவது வரவில்லை.

யாரும் அலறியிருக்கவில்லை. குரங்குகளுக்கே ஒன்றும் புரியவில்லை. பொட்டழகனும் கத்தவில்லை. அவன் தன் முன்னங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி!" என்று நாவல்மரத்தைப் பார்த்துப் பாய்ந்தான் கட்டைவாலன். "பார்த்துத் தட்டறேன்னு இறங்கி வந்து, இப்ப நம்ம தலையிலேயே தட்டறாரே! சிலும்பி, சொல்லு! படலைன்னு சொல்லு! நீ சொன்னா இந்தக் காடே உன்னோட உட்காரும்!"

எல்லாக் கண்களும் அவள்மேல் திரும்பின. படவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபடி உட்கார்ந்தால் போதும். அந்த இடத்தில் காலடிகள் குழம்பிக் கிடந்தன. மணலைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் கூர்மூக்கன் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தான். அவன் குட்டிகள் அவளையே பார்த்தன.

சுழன்றபோது முள் எதிலோ இழுபட்டது அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

"பட்டது" என்றாள் சிலும்பி.

"என்னது?"

"என் முள் அவர் காலில் பட்டது. தட்டு சரி. எனக்கு இது மூன்றாவது தப்பு." அவள் கட்டைவாலனை நேராகப் பார்த்தாள். "பார்க்கச் சொன்னது நான்தான். பார்த்துட்டார்."

யாரும் சொல்லாமலே அவள் வெளியே நடந்தாள். பங்குனியில் குனிந்த தலை இன்று குனியவில்லை.

பொட்டழகன் தனி எறிக்கு நின்றான். கீழ்காட்டில் சிலர் ஊளையிட்டு அவன் கவனத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். "வாயை மூடுங்க!" என்று வெளியிலிருந்து சிலும்பி போட்ட அதட்டலில் அத்தனை பேரும் அடங்கினார்கள். அவன் கொம்பால் சுண்டினான். விளாங்காய் நேராகப் பொந்தில் விழுந்தது.

'டக் டக்!'

சூரியன் முகட்டைத் தொட்டது. 'டரரரர்!'

ஆறுக்கு ஐந்து. கீழ்காடு தோற்றது.

அந்த மாதம் கொடுமையாக இருந்தது. சேற்றைக் கிளறிக் கிளறித்தான் நாக்கை நனைக்க வேண்டியிருந்தது. பாதிப் பேர் சிலும்பியோடு பேசவில்லை. அவள் வந்தால் துறையைவிட்டு எழுந்து போனார்கள். அவளும் இரவெல்லாம் யோசித்தாள். தான் செய்தது சரிதானா? குட்டிகளின் இருமல் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தேகம் வந்தது. விடிந்ததும் மணலுக்குப் போய் எறிந்து பழகினாள்.

ஒருநாள் காலையில் கூர்மூக்கன் அங்கே வந்தான். "உன்மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு" என்றான்.

"தெரியும் அண்ணே."

"என் குட்டிங்க மூஞ்சியைப் பார்த்தா கோபம் வருது. ஆனா ஒண்ணு. இத்தனை வருஷத்துல, ஏன் தோத்தோம்னு தெரிஞ்சு தோத்தது இதுதான் முதல் தடவை." அவன் விளாங்காயை அவள் பக்கம் உருட்டினான். "வலப்பக்கம் சுழலும்போது உன் பின்முள் அகலமாப் போகுது. இன்னொரு தடவை சுழலு, பார்க்கறேன்."

ஆனிப் பௌர்ணமி ஆட்டத்தில் கருமூஞ்சியும் அவன் கூட்டமும் வழக்கம்போல நாவல்மரத்தில்தான் உட்கார்ந்தார்கள். பொட்டழகன் பழக்கதோஷத்தில் ஒருமுறை கழுத்தைச் சொடுக்கி விழுந்தான். "குத்திட்டா! குத்திட்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். தச்சனார் கிளையிலிருந்து மணலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டவில்லை.

பொட்டழகன் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பிறகு எழுந்து, மணலை உதறிக்கொண்டு, ஓடிப்போய் ஒழுங்காக ஆட ஆரம்பித்தான்.

அன்று சிலும்பியின் பெயரில் ஒரே ஒரு தப்புதான். அதுவும் நிஜமான தப்பு. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் வலப்பக்கம் சுழன்று எறிந்த விளாங்காய் உள்ளே விழுந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தச்சனார் பார்த்தார். திரும்பினார்.

'டக் டக்!'

ஏழுக்கு ஆறு. கீழ்காடு வென்றது. எதிர்த்துப் பேச மேல்காட்டாருக்கு வாய் வரவில்லை. பேச என்ன இருந்தது?

கூர்மூக்கனின் குட்டிகள் ஆழத்துறைப் பாறையில் வரிசையாகக் குனிந்து, மூக்கு முழுகக் குடித்தன. கட்டைவாலன் சிலும்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு, "அந்த இலவமரத்தை நானும் போய்ப் பார்த்தேன்" என்றான். "ஒரு கொத்துக்கூட இல்லை."

"குடிங்க அண்ணே" என்றாள் சிலும்பி. "தண்ணி நல்லா இருக்கு."

அதன் பிறகு சங்குக்குட்டையின் சட்டம் மாறியது. பார்த்துத் தட்டினது மட்டும்தான் தட்டினது என்று இன்றும் இரண்டு காட்டாரும் சொல்கிறார்கள்.

கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல் என்று நிமிர்ந்து கேட்பவர், அந்தப் பார்வை தம்மேல் விழும்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.